நாக்கு எரிச்சல்: எல்லாவற்றுக்கும் உடம்புச் சூடுதான் காரணமா?

மருந்துக்கடையில் போய் "நாக்கு எரியுதுங்க" என்று சொல்லிப் பாருங்கள். எத்தனை நாளாக, எந்த இடத்தில், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்வியெல்லாம் பெரும்பாலும் வராது. பி காம்ப்ளக்ஸ் அட்டையில் பத்து மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் சொன்னால் "உடம்புல சூடு ஏறிடுச்சு, இளநீர் குடி" என்பார்கள். பக்கத்து வீட்டில் சொன்னால், வயிற்றில் இருக்கிற புண்தான் வாயில் தெரிகிறது என்று ஒரு விளக்கம் கிடைக்கும். மூன்றுமே சில சமயம் பலித்ததுபோல் தெரிவதால்தான் இந்தப் பேச்சு ஓயாமல் இருக்கிறது.

ஆனால் நாக்கு எரிச்சல் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. அன்னாசி தின்ற பிறகு அரை மணி நேரம் இருக்கும் எரிச்சல், வைட்டமின் பி12 குறைந்து மாதக்கணக்கில் இழுக்கும் எரிச்சல், பாக்குப் பழக்கத்தில் தொடங்கும் எரிச்சல் எல்லாவற்றையும் நாம் "எரியுது" என்ற ஒரே சொல்லால்தான் சொல்கிறோம். காரணம் வேறு வேறு. அதனால் வைத்தியமும் வேறு வேறு. எதற்கு மோர் போதும், எதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும், எதற்கு உடனே டாக்டரிடம் ஓட வேண்டும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் கவலை குறையும். தேவையான இடத்தில் கவலை வரவும் செய்யும்.

எரிச்சல் எப்படி உண்டாகிறது?

வாசலில் காலிங் பெல் அடிக்கிறது. பால்காரரா, கூரியர் பையனா, தெருப்பிள்ளைகளின் விளையாட்டா, இல்லை மழைத்தண்ணீர் ஸ்விட்ச்சுக்குள் இறங்கித் தானாக அடிக்கிறதா? சத்தத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நாக்கின் எரிச்சலும் இதே கதைதான்.

நாக்கின் தோலுக்கு அடியில் நரம்பு முனைகள் நெருக்கமாகப் பரவியிருக்கின்றன. அந்த முனைகளில் ஏற்பிகள் உண்டு. ஏற்பி என்பது ஒரு குறிப்பிட்ட தூண்டுதல் பட்டால் திறந்துகொண்டு நரம்பைக் கிளப்பிவிடும் புரதம். நம் கதையில் அதுதான் பெல் ஸ்விட்ச். எரிச்சலுக்கான முக்கியமான ஸ்விட்ச்சின் பெயர் டிஆர்பிவி1. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் அது திறக்கும். "சுடுகிறது, ஜாக்கிரதை" என்று மூளைக்குச் செய்தி போகும். ஆவி பறக்கும் காபியை வாயில் வைத்ததும் நடப்பது இதுதான்.

இதே ஸ்விட்ச்சை மிளகாயும் அழுத்துகிறது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின், டிஆர்பிவி1-இல் போய் ஒட்டிக்கொண்டு அதைத் திறந்துவிடும். ஜில்லென்ற தயிர்சாதத்தோடு மோர்மிளகாயைக் கடித்தாலும் வாய் எரிவது அதனால்தான். அங்கே சூடே இல்லை, தோலும் வெந்திருக்காது. ஸ்விட்ச் மட்டும் அழுந்தியிருக்கிறது. அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997-இல் இந்த ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள். 2021-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு அவருக்கும், தொடு உணர்வின் ஏற்பிகளைக் கண்டறிந்த ஆர்டம் படாபூட்டியனுக்கும் கிடைத்தது.

கேப்சைசின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. காரம் தாங்காமல் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாலும் எரிச்சல் அடங்காததற்கு இதுவே காரணம். பாலிலும் தயிரிலும் இருக்கிற கேசீன் என்ற புரதம் அதைப் பற்றி இழுத்துப்போகும். காரக்குழம்புக்குப் பிறகு மோர்சாதம் என்று வரிசை வைத்தவர்களுக்கு கேசீனைத் தெரியாது. ஆனாலும் வரிசை சரிதான்.

இன்னொரு விஷயம். தோலில் புண்ணோ அழற்சியோ இருந்தால் டிஆர்பிவி1 இளகிவிடும். அழற்சி என்பது காயமோ கிருமியோ உள்ள இடம் சிவந்து, வீங்கி, வலிக்கிற நிலை. அப்போது அங்கே சுரக்கும் ரசாயனங்கள், 43 டிகிரியில் அழுந்த வேண்டிய ஸ்விட்ச்சை அதைவிடக் குறைந்த சூட்டிலேயே அழுந்தும்படி செய்துவிடும். அதனால்தான் வாயில் புண் இருக்கும்போது வெதுவெதுப்பான ரசம்கூடக் கொதிப்பது போல இருக்கிறது. ஆல்கஹாலும் இதே வேலையைச் செய்யும். சில மவுத்வாஷ் வாயில் ஊற்றியதும் சுரீர் என்பதன் பின்னணி இது. அந்தச் சுரீரை "மருந்து வேலை செய்யுது" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதுவரை பார்த்தது: எரிச்சல் என்பது நரம்பு அனுப்பும் செய்தி. சூடு, காரம், புண் எல்லாம் ஒரே ஸ்விட்ச்சை அழுத்த முடியும். ஆகவே எரிகிறது என்பதை மட்டும் வைத்துக் காரணம் சொல்ல முடியாது. நாக்கைப் பார்க்க வேண்டும்.

கண்ணாடி முன் நாக்கை நீட்டினால்

பகல் வெளிச்சத்தில் பாருங்கள், டியூப்லைட்டில் வேண்டாம். நாக்கின் மேல்புறம் வெல்வெட் மாதிரி இருக்கும். பென்சில் முனை அளவுகூட இல்லாத சின்னச் சின்ன மேடுகள் நெருங்கி நிற்பதால் வரும் சொரசொரப்பு அது. இந்த மேடுகளுக்கு அரும்புகள் என்று பெயர். பெரும்பாலானவை வெளிறிய, கூர்மையான அரும்புகள். இவற்றுக்குச் சுவை தெரியாது. உணவைப் பற்றிக்கொள்ளவும் நாக்கைக் காக்கவும்தான் இருக்கின்றன. நடுநடுவே, நுனிப்பக்கம் அதிகமாக, சிவப்புப் புள்ளிகள் தெரியும். சுவை மொட்டுகள் இருப்பது அவற்றில். பின்பக்கம், தொண்டையை ஒட்டி, 'வி' வடிவத்தில் எட்டு முதல் பன்னிரண்டு பெரிய மேடுகள் வரிசையாக இருக்கும். இதை முதன்முதலாகக் கவனித்துவிட்டு "கட்டி" என்று பயந்து டாக்டரிடம் வருகிறவர்கள் உண்டு. எல்லோருக்கும் இருப்பதுதான்.

லேசான வெள்ளைப் படிவும் இயல்புதான். செத்த செல்கள், பாக்டீரியா, உணவுத் துணுக்கு எல்லாம் கலந்தது. அதை ரத்தம் வரும்வரை நாக்கு வழிப்பானால் சுரண்டுவது வேண்டாத வேலை. அப்படிச் சுரண்டியே எரிச்சலை வரவழைத்துக்கொள்கிறவர்கள் குறைவில்லை.

சாப்பிட்டதால் வரும் எரிச்சல்

இந்த வகை மணிக்கணக்கில் அடங்கிவிடும். காரணமும் கையோடு தெரிந்துவிடும். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வழியில் எரிக்கிறது.

சேனைக்கிழங்கும் கருணைக்கிழங்கும் அரிப்பது கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பால். அது கிழங்கின் செல்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஊசிக் கட்டுகளாக இருக்கிறது. வேகாத துண்டை மென்றால் அந்த ஊசிகள் நாக்கிலும் தொண்டையிலும் நிஜமாகவே குத்தும். குத்திய இடத்தில் கிழங்கின் புரதங்களும் உள்ளே போய் அரிப்பைக் கூட்டும். கிழங்கை நறுக்கும்போது கை அரிப்பதும் இதனால்தான். புளி விட்டுக் குழைய வேகவைப்பதும், தோண்டிய கிழங்கைச் சில நாள் காயப் போட்டு வைப்பதும் காறலுக்குப் பயந்து வந்த வழக்கங்கள்.

அன்னாசியில் ஊசி விவகாரம் குறைவு; அங்கே புரதத்தைச் செரிக்கும் நொதி இருக்கிறது. நொதி என்றால் ஒரு ரசாயன மாற்றத்தை வேகப்படுத்தும் புரதம். அன்னாசியின் நொதிக்கு ப்ரோமெலைன் என்று பெயர். நாம் அன்னாசியைத் தின்கிறபோது அது நம் நாக்கின் மேல்படலத்தைக் கொஞ்சம் செரிக்கிறது. பழத்தின் புளிப்பு அதன் மேல் பட்டு எரிகிறது. சூடு பட்டால் ப்ரோமெலைன் செயலிழந்துவிடும். அதனால் பைனாப்பிள் கேசரியோ அன்னாசி ரசமோ நாக்கைப் பதம் பார்ப்பதில்லை. பச்சை அன்னாசியைத் தயிரில் போட்டுக் கொஞ்ச நேரம் வைத்தால் கசப்பேறுவதும் இதே நொதியின் வேலைதான், பால் புரதத்தை வெட்டிவிடுகிறது.

வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிப்போனால் "வாய் வெந்துபோச்சு" என்கிறோம். அது வெறும் பேச்சு இல்லை. சுண்ணாம்பு கடுமையான காரத்தன்மை (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) கொண்ட பொருள். உண்மையிலேயே தோலை அரிக்கும். தண்ணீரால் பலமுறை கொப்பளித்துத் துப்ப வேண்டும். புளிப்பு காரத்தை முறிக்கும் என்று எலுமிச்சை பிழியப் போகாதீர்கள். வெந்த தோலில் அது இன்னும் எரியும்.

சூடான காபியால் சுட்டுக்கொண்டால் குளிர்ந்த தண்ணீரைச் சில நிமிடம் வாயில் மாற்றி மாற்றி வைத்திருந்தாலே போதும். வாய்த்தோல் வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும்.

வாய்ப்புண்

வட்டமாக, நடுவில் வெளிர்மஞ்சள், சுற்றிச் சிவப்பு வளையம். உதட்டின் உள்பக்கம், கன்னம், நாக்கின் ஓரம், அடிப்பக்கம் ஆகிய மெத்தென்ற இடங்களில் வரும். சின்னதாக இருந்தாலும் பேசவிடாது. அடிக்கடி வரும் இந்த வகைக்கு ஆப்தஸ் புண் என்று பெயர். தொற்றாது; ஒருவர் எச்சிலால் இன்னொருவருக்கு வராது. உடலின் எதிர்ப்பு அணுக்களே அந்த இடத்தில் தோலைத் தாக்குவதால் வருகிறது. பல்லில் கடித்துக்கொள்வது, தூக்கம் கெடுவது, பரீட்சைப் பதற்றம், இரும்பு அல்லது பி12 குறைவு, குடும்பவாகு என்று தூண்டுகிறவை பல. பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட்டும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. அடிக்கடி புண் வருகிறவர்கள் அது இல்லாத பசைக்கு மாறிப் பார்க்கலாம்.

"சூடு" என்ற விளக்கத்துக்கு வருவோம். இரவு கண்விழித்து, தண்ணீர் குடிக்காமல் வெயிலில் அலைந்தால் வாயில் புண் வருகிறது என்று மக்கள் கவனித்ததில் தவறில்லை. தூக்கமின்மையும் அலுப்பும் வறண்ட வாயும் உண்மையிலேயே புண்ணுக்கு வழிவிடும். ஆனால் சூடு என்று பெயர் வைத்ததும் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். மாதாமாதம் புண் வருகிற பெண்ணுக்கு இரும்புச்சத்து குறைவா என்று பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் வெந்தயம் ஊறப்போடுவதுதான் நடக்கிறது. குடல் நோய் சிலவற்றில் வாய்ப்புண் வரும் என்பது உண்மை. ஆனால் வாயில் புண் வந்தவர்களுக்கெல்லாம் வயிற்றில் புண் கிடையாது.

சாதாரண ஆப்தஸ் புண் 7 முதல் 14 நாளில் தானே ஆறிவிடும். மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், நெய், தேன், மாசிக்காய் என்று எதைக் கடைசியாகத் தடவினோமோ அதற்கு நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது. இதமாக இருந்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது. வெங்காரத்தைப் பொரித்துக் குழந்தை நாக்கில் தடவுவதும் ஆபத்து, அது உடலில் சேர்ந்தால் நஞ்சு.

வழவழப்பான சிவந்த நாக்கு

அரும்புகள் உதிர்ந்து, நாக்கு பளபளவென்று, வெல்வெட் தன்மை போய்ச் சிவந்திருந்தால் விஷயம் வேறு. நாக்கின் மேல்தோல் உடலில் வேகமாகப் புதுப்பிக்கப்படும் இடங்களில் ஒன்று. செல்கள் இடைவிடாமல் பிரிந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு முறையும் டிஎன்ஏவைப் படியெடுக்க வேண்டும். பி12-உம் ஃபோலிக் அமிலமும் இல்லாமல் அந்த வேலை ஓடாது. இரும்பு குறைந்தாலும் அரும்புகள் தேயும். அப்போது நாக்கு சிவக்காமல் வெளிறியும் போகலாம். அரும்புக் கவசம் போனபின் நரம்பு முனைகளுக்கு மேல் மெல்லிய தோல்தான் மிச்சம். சாம்பார்கூட எரியும்.

பி12 இயற்கையாகக் கிடைப்பது மீன், இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றில், காய்கறியில் இல்லை. பாலும் குறைவாகச் சாப்பிடும் சைவர்கள், வயதானவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள், அசிடிட்டி மாத்திரையை நிறுத்தாமல் விழுங்குகிறவர்கள் ஆகியோருக்குக் குறைவு வர வாய்ப்பு அதிகம். சிலருக்கு உணவில் இருந்தும் குடல் அதை உறிஞ்சாது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைவு தெரிய ஆண்டுகள் ஆகும். கால் மதமதப்பு, சோர்வு, மூச்சிரைப்பு கூடவே இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

கத்தரித்துக் கொடுத்த பி காம்ப்ளக்ஸ் இங்கேதான் காலை வாரும். அதில் பி12 எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உறிஞ்சாத குடலுக்கு அந்த அளவு போதாது, ஊசி தேவைப்படலாம். ஃபோலிக் அமிலம் மட்டும் உள்ளே போனால் ரத்தசோகை சரியானதுபோலத் தெரிந்து, நரம்புப் பாதிப்பு சத்தமில்லாமல் தொடரவும் கூடும்.

மறுபடி ஒரு சிறு தொகுப்பு: சாப்பாட்டு எரிச்சல் மணிக்கணக்கு, சாதாரணப் புண் ஒன்றிரண்டு வாரம், சத்துக்குறைவு மாதக்கணக்கு. எத்தனை நாள் என்பது காரணத்தைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

வெள்ளைப் படலமும் வரைபட நாக்கும்

துணியால் துடைத்தால் தயிர்த்திப்பி மாதிரி உரிந்து, அடியில் சிவந்து தெரிந்தால் அது கேன்டிடா என்ற பூஞ்சை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், இரவிலும் பல்செட்டைக் கழற்றாதவர்கள், ஆன்டிபயாடிக் முடித்தவர்கள், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கிறவர்கள் ஆகியோருக்கு வரும். இன்ஹேலர் எடுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பினாலே பெருமளவு தவிர்க்கலாம். பூஞ்சைக்கான மருந்து தடவ வேண்டும். வைட்டமின் இதைத் தொடாது. துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு என்றால் வலியில்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

வேறு சிலருக்கு நாக்கில் தேசப்படம் போலச் சிவப்புத் திட்டுகளும் வெள்ளைக் கரையும் தெரியும். அடுத்த வாரம் அந்தப் படம் இடம் மாறியிருக்கும். காரம் பட்டால் எரியலாம். மற்றபடி தீங்கில்லை, மருந்தும் தேவையில்லை, தொற்றாது.

பாக்கு

இதை அவசரமாகக் கடந்துபோக முடியாது. பாக்கை, அது வீட்டு வெற்றிலைப்பெட்டியில் இருந்தாலும் கடைப் பொட்டலத்தில் இருந்தாலும், தொடர்ந்து மெல்கிறவர்களுக்கு வாயின் உட்புறத் தோலுக்கு அடியில் நார்த்திசு சேர்ந்து இறுகும். முதல் அறிகுறி பெரும்பாலும் காரம் தாங்காமல் போவதுதான். நேற்றுவரை ஆந்திர ஊறுகாய் தின்றவர் இன்று சாதாரணக் குழம்புக்கே "ஸ்ஸ்" என்பார். அப்புறம் கன்னம் வெளிறி விறைக்கும், வாய் திறப்பது குறையும். உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு இடையில் வைத்துப் பாருங்கள்; நுழைய வேண்டும். இரண்டுதான் நுழைகிறது என்றால் அன்றே பல் டாக்டரைப் பாருங்கள். இறுகிய தோல் பழையபடி முழுதாக இளகாது. பாக்கை நிறுத்தினால் மேற்கொண்டு கெடுவதைத் தடுக்கலாம். இந்த நிலை புற்றுநோயாக மாறும் அபாயம் உள்ளது. புகையிலை கலக்காத வெறும் பாக்கையே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்திவிட்டது.

நாக்கின் ஓரத்தை உரசும் உடைந்த பல்லையும் அலட்சியம் செய்யாதீர்கள். அதனால் வந்த புண், பல்லை ராவியபின் இரண்டு வாரத்தில் ஆற வேண்டும். ஆறாத புண், தொட்டால் கெட்டியாக இருப்பது, ரத்தம் கசிவது, கழுத்தில் கட்டி, ஒரு பக்கக் காது வலி ஆகியவை புற்றுநோயா என்று பார்க்கச் சொல்லும் அறிகுறிகள். அது தொடக்கத்தில் வலிக்காமலே இருக்கலாம். "வலி இல்லை, அதனால் பரவாயில்லை" என்ற ஆறுதல் இந்த ஒரு இடத்தில் தலைகீழ்.

பார்த்தால் ஒன்றும் இல்லை, ஆனாலும் எரிகிறது

மாதவிலக்கு நின்ற வயதுப் பெண்கள் பலர் இதைச் சொல்வார்கள். காலையில் பரவாயில்லை, மாலை ஆக ஆக நாக்கு நுனி வெந்ததுபோல் இருக்கும். நாக்கைப் பார்த்தால் சுத்தமாக இருக்கும். வீட்டில் "மனப்பிரமை" என்று பட்டம் கட்டிவிடுவார்கள். பிரமை இல்லை. மழைத்தண்ணீர் இறங்கிய ஸ்விட்ச் மாதிரி நரம்பே தானாகச் செய்தி அனுப்பும் நிலை. எரிவாய் நோய் எனலாம். சத்துக்குறைவு, பூஞ்சை, சர்க்கரை, உமிழ்நீர் குறைவு ஒன்றும் இல்லை என்று உறுதி செய்தபின் டாக்டர் இந்த முடிவுக்கு வருவார். உமிழ்நீர் நாக்கின் பாதுகாப்புப் பூச்சு. ஒவ்வாமை மாத்திரை, மன அழுத்த மாத்திரை உட்படப் பல மருந்துகள் அதைக் குறைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு நாளுக்கு மூன்று நான்கு முறை கொப்பளிக்கலாம். காரம், புளிப்பு, முறுக்கு மாதிரிக் குத்துகிற பண்டங்களைச் சில நாள் ஒதுக்குங்கள். தயிர்சாதம், இட்லி, ஆறிய கஞ்சி நல்லது. மென்மையான பிரஷ். ஆல்கஹால் சேர்ந்த மவுத்வாஷ் வேண்டாம். மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைப் பெரியவர்கள் சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் தடவலாம். கைக்குழந்தைக்குத் தடவவே கூடாது.

நாக்கு திடீரென்று வீங்கி, பேச்சு குழறி, மூச்சுவிடச் சிரமமாக இருந்தால் கொப்பளித்துக்கொண்டு இருக்க நேரமில்லை; இந்தியாவில் என்றால் 108-ஐ அழையுங்கள். உணவு ஒவ்வாமையால் இப்படி ஆகலாம். எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளாலும், பல மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டு வந்த பிறகுகூட, சிலருக்கு ஆகலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் போனால் பல் டாக்டரையோ காது மூக்கு தொண்டை டாக்டரையோ பாருங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், "அந்த வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் யாருக்கும் புரியாது. பி12 ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால், ரத்தம் கொடுக்கும்வரை புதிதாக வைட்டமின் மாத்திரை எதையும் தொடங்காதீர்கள். நாலு நாள் மாத்திரை விழுங்கிவிட்டுப் போனாலே அளவு ஏறிக் காட்டி, குறைவு மறைந்துவிடும்.